விலை கேட்காமல் கையெழுத்துப் போடுகிறவர்கள்

அக்டோபர் கடைசியில் கொடைக்கானல் மழையிலும் மூடுபனியிலும் கிடக்கும். கீழ்ப்பழனி மலையில் எங்கள் ஊர்ப் பக்கம் காப்பிப் பழம் சிவக்கத் தொடங்கும். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கும் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளுக்குத் தூக்கம் கெடும் நேரமும் அதுதான். அங்கே பல பல்கலைக்கழகங்களில் 'எர்லி டிசிஷன்' எனப்படும் முன்கூட்டிய சேர்க்கைக்கு நவம்பர் 1 கடைசி நாள்.

சில ஆண்டுகளுக்கு முன், என் ஆய்வு உதவித்தொகை மாதக்கணக்கில் வராமல் இழுத்தபோது, இப்படிப்பட்ட பிள்ளைகளின் விண்ணப்பக் கட்டுரைகளைத் திருத்திக் கொடுத்துச் சம்பாதித்தேன். வேலை கொடுத்தது ஓர் ஆலோசனை நிறுவனம். கட்டுரைக்கு இவ்வளவு என்று கூலி. "மேம், எர்லில போட்டா சான்ஸ் எவ்வளவு கூடும்?" என்று நள்ளிரவில் செய்தி அனுப்பும் பதினேழு வயதுப் பையனின் பயம் பொய்யில்லை. அவனைக் கேலி செய்ய இதை எழுதவில்லை. ஆனால் அவன் கட்டுரை, பளியர் குடியிருப்பு ஒன்றில் இரண்டு நாள் தங்கி 'வாழ்க்கையைக் கற்றுக்கொண்டதை'ப் பற்றியது. அந்தக் குடியிருப்பின் பிள்ளைகள் அதில் பெயரில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் காற்புள்ளி, அரைப்புள்ளி சரிபார்த்தேன்.

அவன் கேட்ட கேள்விக்கு விடை உண்டு. பிரௌன் பல்கலைக்கழகத்தில் 2023 டிசம்பரில் முடிவு வந்த முன்கூட்டிய சுற்றில் 6,244 பேர் விண்ணப்பித்தார்கள். 898 பேருக்கு இடம் கிடைத்தது. அதாவது 14 விழுக்காட்டுக்கும் மேல். அந்த ஆண்டின் எல்லாச் சுற்றுகளையும் சேர்த்துப் பார்த்தால் இடம் பெற்றவர்கள் சுமார் 5 விழுக்காடுதான். இந்த 14 எல்லோருக்கும் அப்படியே பொருந்தாது. பொதுவாக, பல்கலைக்கழகம் முன்பே தேர்ந்துவைத்த விளையாட்டு வீரர்களும் பழைய மாணவர்களின் பிள்ளைகளும் இந்தச் சுற்றில்தான் நிறைய வருகிறார்கள். என்றாலும் கதவு முதலில் அகலமாகவும் பிறகு ஒடுங்கியும் திறக்கிறது என்பது உண்மை.

அகலக் கதவுக்கு ஒரு நிபந்தனை உண்டு. ஒரே ஒரு பல்கலைக்கழகத்துக்குத்தான் இப்படி விண்ணப்பிக்கலாம். இடம் கிடைத்தால் கட்டாயம் சேர்வேன், மற்ற விண்ணப்பங்களைத் திரும்பப் பெறுவேன் என்று மாணவரும் பெற்றோரும் கையெழுத்திட வேண்டும். கடைசியில் கையிலிருந்து எவ்வளவு கட்ட வேண்டியிருக்கும் என்பது அப்போது உறுதியாகத் தெரியாது. கிடைக்கும் உதவித்தொகை போதாவிட்டால் விலகலாம் என்று விதி இருக்கிறது. ஆனால் நான்கு இடங்கள் தரும் உதவியை ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பு போய்விடும். தவிர, வெளிநாட்டு மாணவர் என்றால், குடும்பத்தால் பணம் கட்ட முடியுமா என்பதையும் பார்த்தே பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் முடிவெடுக்கின்றன.

இதையெல்லாம் என் சித்தி மகளிடம் ஒருநாள் சொன்னேன். அரசுப் பள்ளியில் பிளஸ் டூ படிக்கிறாள். சித்தி தாண்டிக்குடிப் பக்கம் காப்பித் தோட்டத்தில் பழம் பறிக்கப் போகிறவர். அவள் கேட்டாள்: "வெல தெரியாம வந்துர்றேன்னு எப்படிக்கா கையெழுத்துப் போட முடியும்?"

அமெரிக்கக் கல்வியாளர்கள் பல ஆண்டுகளாக விவாதித்ததை அவள் ஒரே கேள்வியில் கேட்டுவிட்டாள். முன்கூட்டிய சேர்க்கை வசதியானவர்களுக்கே சாதகம் என்று சொல்லி ஹார்வர்டும் பிரின்ஸ்டனும் 2006இல் அதைக் கைவிடுவதாக அறிவித்தன. பெரும்பாலான மற்றவர்கள் பின்தொடரவில்லை. 2011இல் இரண்டுமே மறுபடி கொண்டுவந்தன. 2023இல் ராஜ் செட்டியும் அவருடைய சக ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வு இன்னொன்றைக் காட்டியது: ஒரே தேர்வு மதிப்பெண் பெற்றிருந்தும், நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளையைவிட மேல்தட்டு 1 விழுக்காட்டுக் குடும்பத்துப் பிள்ளை அந்த நாட்டின் முதன்மைப் பல்கலைக்கழகங்களில் சேர்ந்து படிக்கும் வாய்ப்பு இரண்டு மடங்குக்கும் அதிகம்.

இதற்குப் பெயர் இட ஒதுக்கீடு இல்லையா? இங்கே 69 விழுக்காடு என்றாலே 'தகுதி செத்துவிட்டது' என்று புலம்பும் வீடுகள், அங்கே பணத்துக்கான ஒதுக்கீட்டில் விண்ணப்பம் போடுகின்றன. அதை 'உத்தி' என்று அழைக்கின்றன. அந்த உத்தியைச் சொல்லித்தர ஆலோசகர், கட்டுரையைத் திருத்த என்னைப் போல் ஒரு கூலி, கட்டுரைக்குள் வைக்க ஒரு பளியர் குடியிருப்பு. இத்தனை பேர் தாங்கிப் பிடித்த பிறகும் கிடைத்த இடத்துக்குத் 'தகுதி' என்றே பெயர். நம் பிள்ளை ஒரு சாதிச் சான்றிதழைக் காட்டினால் மட்டும் அது 'சலுகை'.

இந்த மலைக்கு இது பழைய கதை. இன்று கொடைக்கானல் இன்டர்நேஷனல் பள்ளியாக இருப்பது, 1901இல் அமெரிக்க மிஷனரிகளின் பிள்ளைகளுக்காகத் தொடங்கப்பட்டது. அப்போது மலைக்கு வண்டிச் சாலை கிடையாது. பெரியகுளம் பக்கத்து அடிவாரத்திலிருந்து வெள்ளைக்காரர்களை டோலியில் வைத்துக் கூலிகள் தோளில் சுமந்து ஏற்றினார்கள். பள்ளிக்கூடம் சுமந்தவர்களின் பிள்ளைகளுக்கானதாக இருக்கவில்லை.

அப்படியானால் நம் பிள்ளைகள் அங்கே போகவே கூடாதா? போக வேண்டும். அண்ணல் அம்பேத்கர் போனார். 1913இல் கொலம்பியாவுக்குக் கப்பல் ஏறுமுன் அவரும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்: படித்து முடித்ததும் பரோடா அரசில் பத்து ஆண்டு வேலை செய்வேன் என்று. ஆனால் அவர் கையெழுத்திடும்போது, மாதம் பதினொன்றரை பவுண்டு வீதம் மூன்று ஆண்டுக்கு உதவித்தொகை உறுதியாகியிருந்தது. அந்தக் காலம் முடிந்ததும் 1917இல் லண்டன் படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டுத் திரும்ப வேண்டியிருந்தது. பணம் தீரும் இடத்தில் மேதையும் நிற்க வேண்டியதுதான்.

நூறு ஆண்டுக்குப் பிறகு நிலைமை என்ன? பட்டியல் சாதியினர் உள்ளிட்டோர் வெளிநாட்டில் படிக்க ஒன்றிய அரசு தரும் தேசிய உதவித்தொகை முதுகலைக்கும் முனைவர் பட்டத்துக்கும் மட்டும்தான். ஆண்டுக்கு 125 இடங்கள். பிளஸ் டூ முடித்த பிள்ளைக்கு அதில் இடமில்லை. 2022இல், இந்தியப் பண்பாடு, வரலாறு, சமூகம் பற்றிய ஆய்வுகளுக்கு இந்தத் தொகை கிடையாது என்று விதியை மாற்றினார்கள். சாதியை வெளிநாட்டில் போய் ஆராயாதே என்பதுதான் அதன் பொருள். 2025இல் தேர்வான 106 பேரில் 40 பேருக்கு மட்டுமே முதலில் கடிதம் தந்தார்கள். மீதி 66 பேருக்கு 'நிதி இருந்தால்' என்றார்கள். பல்கலைக்கழகத்தில் இடம் வாங்கி, அரசுத் தேர்வுப் பட்டியலிலும் பெயர் வந்து, அதற்குப் பிறகும் காத்திருப்பது எப்படிப்பட்ட பதற்றம்! அதற்கு ஆலோசனை சொல்ல எந்த நிறுவனமும் இல்லை.

என் சித்தி மகள் இப்போதைக்குப் பொறியியல் கலந்தாய்வை நம்பியிருக்கிறாள். நுழைவுத்தேர்வைத் தமிழ்நாடு 2007இல் ஒழித்தது. தரவரிசை எண்ணை எல்லோரும் பார்க்கலாம். எந்தக் கல்லூரியில் எந்தப் பிரிவுக்கு எத்தனை இடம் மிச்சம் என்பதையும் பார்க்கலாம். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காட்டில் இடம் கிடைத்தால் கட்டணத்தை அரசே கட்டும். இதில் குறைகள் உண்டு. நல்ல கல்லூரிக்கும் பெயருக்கு நடக்கும் கல்லூரிக்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் உண்டு. ஆனால் கையெழுத்துப் போடுமுன் விலை தெரியும். போராடிப் பெற்ற இந்த வெளிப்படைத்தன்மையைத்தான் 'தரம் தாழ்ந்தது' என்கிறார்கள்.

ஆகவே நாம் கேட்க வேண்டியது, வாய்ப்பைக் கூட்டும் தந்திரத்தை அல்ல. இளங்கலைக்கும் வெளிநாட்டு உதவித்தொகை வேண்டும். விண்ணப்பிக்கும் முன்பே அது உறுதியாக வேண்டும். 'நிதி இருந்தால்' என்ற சொல் எந்தக் கடிதத்திலும் இருக்கக் கூடாது. அதுவரை, விலை கேட்காமல் கையெழுத்துப் போடுகிறவர்கள் நம்மிடம் தகுதி பற்றிப் பேச வேண்டாம்.