மூன்றாவது பின் எதற்கு?

மின்சார விளக்கு என்றால் எடிசன். இது பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கும் தெரியும்.

அந்த மின்சாரத்தைப் பயம் இல்லாமல் கையாள வழி செய்தவர் யார்? இதற்குப் பதில் சொல்ல ஊரில் பத்துப் பேர் இருந்தால் அதிசயம்!

அவர் பெயர் ஹார்வி ஹப்பல். அமெரிக்க நாட்டுக்காரர். அவர் செய்தது ராட்சத எந்திரம் அல்ல. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் சின்னப் பொருள்.

அதுதான் பிளக்!

"இதில் என்ன பெரிய கண்டுபிடிப்பு? இரண்டு மூன்று பித்தளைத் துண்டு. மேலே ஒரு மூடி. அவ்வளவுதானே?" என்று கேட்பவர்கள் உண்டு.

இந்த அலட்சியத்தால்தான் சிலர் பிளக்கை வெட்டி எறிகிறார்கள். மூன்றாவது பின்னை உடைத்துவிடுகிறார்கள். வெறும் வயரைத் துளையில் திணித்து, தீக்குச்சியால் இறுக்குகிறார்கள்.

பிளக் அழகுக்காக வந்தது அல்ல. உயிர் காக்க வந்தது. அது எப்படி வந்தது என்று தெரிந்தால், அதை உடைக்க யாருக்கும் கை வராது.

காகிதத்தில் தொடங்கிய தொழில்

ஹப்பல் 1857-இல் அமெரிக்காவில் புரூக்ளின் என்ற ஊரில் பிறந்தார். 1888-இல் பிரிட்ஜ்போர்ட் என்ற நகரில் தொழில் தொடங்கினார்.

முதலில் அவர் செய்தது மின்சாரச் சாமான் அல்ல. கடைகளில் பொட்டலம் மடிக்கக் காகிதச் சுருள் வைத்திருப்பார்கள் அல்லவா? அந்தச் சுருளைத் தாங்கி, வேண்டிய அளவுக்குக் காகிதத்தைக் கிழித்துக்கொள்ள உதவும் கருவியைச் செய்தார்.

அவருடைய கண்டுபிடிப்புகளை வரிசையாகப் பார்த்தால் ஓர் உண்மை விளங்கும். எல்லாமே சாதாரண மனிதனின் கைக்குச் சிரமத்தைக் குறைப்பவை.

1896-இல் சங்கிலி வைத்த விளக்கு ஹோல்டருக்குக் காப்புரிமை வாங்கினார். காப்புரிமை என்றால், "இது இவருடைய கண்டுபிடிப்பு" என்று சர்க்கார் எழுதிக் கொடுக்கும் உரிமை.

அதற்கு முன்பு, உயரத்தில் தொங்கும் விளக்கை அணைக்க, கையை நீட்டி ஹோல்டரில் உள்ள திருகைத் திருப்ப வேண்டும். எட்டாவிட்டால் நாற்காலி போட்டு ஏற வேண்டும். ஹப்பல் ஹோல்டருக்குள்ளேயே சுவிட்சை வைத்தார். அதிலிருந்து ஒரு சங்கிலியைத் தொங்கவிட்டார். ஓர் இழுப்பு இழுத்தால் விளக்கு எரியும். இன்னோர் இழுப்பு இழுத்தால் அணையும்.

நூறு ஆண்டுக்கு மேல் ஆகியும் அந்தச் சங்கிலி ஹோல்டர் மறையவில்லை.

விளக்குக்கு மட்டும் வந்த மின்சாரம்

அந்தக் காலத்தில் மின்சாரம் வீட்டுக்குள் வந்தது விளக்குக்காக மட்டுமே. சுவரில் பிளக் பாயிண்ட் கிடையாது. கூரையிலோ சுவரிலோ விளக்கு ஹோல்டர் இருக்கும். அவ்வளவுதான்.

பிறகு மின்விசிறி வந்தது. இஸ்திரிப் பெட்டி வந்தது. அவற்றுக்கு மின்சாரம் எடுப்பது எப்படி?

ஒன்று, வேலை தெரிந்தவரைக் கூப்பிட்டு வயரோடு வயரை முறுக்கி இணைக்க வேண்டும். இல்லாவிட்டால், பல்பைக் கழற்றிவிட்டு அந்த ஹோல்டரில் கருவியின் முனையைத் திருக வேண்டும். அமெரிக்க ஹோல்டர் திருகு மரை கொண்டது. முனையைத் திருகும்போது வயரும் சேர்ந்து முறுக்கிக்கொள்ளும். முறுக்கிய வயர் நைந்துபோகும். நைந்த வயர் ஆபத்து.

செருகு, பிடுங்கு!

இந்தத் தொல்லைக்கு ஹப்பல் முடிவு கட்டினார். 1904 நவம்பர் 8-ந் தேதி அவருடைய பிளக்குக்குக் காப்புரிமை கிடைத்தது.

அதில் இரண்டு பாகங்கள். ஒரு பாகத்தை விளக்கு ஹோல்டரில் ஒரு முறை திருகிவிட்டால் போதும். அது அங்கேயே இருக்கும். மற்றப் பாகம் கருவியின் வயரில் இருக்கும். அதை நேராகச் செருகலாம். நேராகப் பிடுங்கலாம். திருகவும் வேண்டாம், முறுக்கவும் வேண்டாம்.

பிளக் என்ற யோசனை உலகத்தில் அதற்கு முன்பே உண்டு. இங்கிலாந்தில் 1880-களிலேயே சிலர் அதற்குக் காப்புரிமை வாங்கியிருந்தார்கள். ஆனால் அமெரிக்காவின் சாதாரண வீடுகளுக்குள் அதைக் கொண்டுபோய்ச் சேர்த்த பெருமை ஹப்பலுக்கு உரியது. இரண்டு தட்டைப் பின்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் பிளக்கைப் பின்னர் அவர் கொண்டுவந்தார். அந்த அமைப்புதான் இன்றும் அமெரிக்க வீடுகளில் இருக்கிறது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. காப்புரிமை கேட்டு எழுதியபோது தம் நோக்கத்தை ஹப்பல் தெளிவாகச் சொன்னார். மின்சாரத்தைப் பற்றி எந்த அறிவும் பயிற்சியும் இல்லாதவர்கள்கூட அதைப் பயன்படுத்த வேண்டும். இணைக்கும்போது நெருப்புப் பொறி பறக்கக் கூடாது. இதுவே அவர் நோக்கம்.

இது சின்ன விஷயமா? "மின்சாரம் தெரிந்தவன் மட்டும் தொடட்டும்" என்று அவர் ஒதுங்கவில்லை. தெரியாதவனையும் காப்பாற்றும்படி பொருளைச் செய்தார். படித்தவன் கடமை அதுதான். என்ஜினீயருக்கு அழகும் அதுதான்!

இரண்டு போதவில்லை

இருந்தாலும் இரண்டு பின் பிளக்கில் ஒரு குறை இருந்தது.

மின்சாரம் ஒரு பின் வழியாக வரும். மற்றொரு பின் வழியாகத் திரும்பிப் போகும். இஸ்திரிப் பெட்டிக்குள்ளே வயர் நைந்து, அதன் உலோக உடம்பைத் தொட்டுவிட்டால்? பெட்டி முழுவதும் மின்சாரம் ஏறி நிற்கும். பார்த்தால் தெரியாது. தொட்டவர் உடம்பு வழியாக அது பூமிக்குப் பாயும்.

"பியூஸ் இருக்கிறதே, அது போய்விடாதா?" என்று சிலர் தைரியம் சொல்வார்கள். அது தவறு.

கணக்குப் பார்க்கலாம். 230 வோல்ட்டில் ஒரு 100 வாட் பல்பு எரிய ஏறத்தாழ 430 மில்லி ஆம்பியர் மின்சாரம் ஓடுகிறது. அதில் நாலில் ஒரு பங்கு மார்பு வழியே ஓடினாலே இதயத் துடிப்பு தாறுமாறாகி உயிர் போகலாம். ஆனால் 5 ஆம்பியர் பியூஸ் 5,000 மில்லி ஆம்பியருக்கு மேல் ஓடினால்தான் உருகும். மனிதன் சாவான், பியூஸ் அசையாது!

இதற்குப் பரிகாரமாக வந்ததுதான் மூன்றாவது பின். அதாவது 'எர்த்' பின்.

அது கருவியின் உலோக உடம்பைப் பூமியோடு இணைக்கிறது. உடம்பில் மின்சாரம் ஏறினால், மனிதன் தொடுவதற்காக அது காத்திருக்காது. கம்பி வழியாக வெள்ளம்போல் பூமிக்கு ஓடும். அப்படி ஓடும்போது பியூஸ் உருகும். மின்சாரம் நின்றுவிடும். ஆள் பிழைத்துக்கொள்வார்.

1915-இல் ஜார்ஜ் நாப் என்பவர் ஹப்பல் கம்பெனியின் சார்பில் இப்படிப்பட்ட பிளக்குக்குக் காப்புரிமை கேட்டார். அதில் ஒரு நுட்பம் இருந்தது. எர்த் பின் மற்ற இரண்டையும் விட நீளம்!

நீளம் எதற்கு? செருகும்போது அது முதலில் தொடும். பிடுங்கும்போது கடைசியில் விடும். மின்சாரம் வருவதற்கு முன்பே காவல்காரன் உள்ளே போய் நிற்கிறான். மின்சாரம் போன பிறகுதான் வெளியே வருகிறான்.

தமிழ்நாட்டு வீடுகளில் உள்ள மூன்று பின் பிளக்கிலும் எர்த் பின் நீளமாக, தடிமனாக இருக்கிறது. தடிமன் எதற்கு? அது மற்றத் துளைகளில் தவறிக்கூட நுழையக் கூடாது என்பதற்காக.

குழந்தைகளுக்கு ஒரு கதவு

பிளக்கைப் பற்றிச் சொல்லும்போது ஒரு பெண்மணியை மறக்கக் கூடாது. அவர் இங்கிலாந்தைச் சேர்ந்த கரோலின் ஹாஸ்லெட்.

கொதிகலன் கம்பெனியில் செயலாளர் வேலைக்குச் சேர்ந்து, பிறகு பட்டறையில் தொழில் கற்றவர் அவர். 1919-இல் இங்கிலாந்தில் பெண் என்ஜினீயர்கள் சங்கம் தொடங்கியபோது அதன் முதல் செயலாளர் ஆனார். வீட்டுப் பெண்களுக்கு மின்சாரத்தைப் பற்றிச் சொல்லிக்கொடுக்கும் சங்கத்தை 1924 முதல் நடத்தினார்.

இரண்டாவது உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. போருக்குப் பிறகு கட்டப்போகும் வீடுகளில் மின்சார அமைப்பு எப்படி இருக்க வேண்டும் என்று ஆராய ஒரு கமிட்டி அமைத்தார்கள். அதில் 20 பேர். பெண் அவர் ஒருவரே!

கமிட்டி 1944-இல் அறிக்கை கொடுத்தது. அதன் பயனாக 1947-இல் புதிய பிரிட்டிஷ் பிளக் வந்தது. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இன்று வீடுகளில் இருப்பது அந்த வகைதான்.

அந்த பிளக் பாயிண்டின் துளைகளுக்கு உள்ளே சின்னக் கதவு உண்டு. அதை ஷட்டர் என்பார்கள். நீளமான எர்த் பின் முதலில் நுழைந்து கதவைத் தள்ளித் திறக்கும். அதற்குப் பிறகுதான் மற்ற இரண்டு பின்களும் உள்ளே போக முடியும். பிளக் இல்லாத நேரத்தில் கதவு மூடியே இருக்கும். குழந்தை ஊசியையோ ஆணியையோ துளையில் விட்டாலும் உள்ளே எளிதில் போகாது.

சுவரின் கீழ்ப்பக்கத்தில் துளை இருந்தால் தவழும் குழந்தை அதில் விரலை வைக்கும். இது எந்தத் தாய்க்கும் தெரியும். அப்படிப்பட்ட கமிட்டிகளில் வீட்டை அறிந்தவர்களும் இருப்பது எவ்வளவு நல்லது!

தீக்குச்சி வேலை

இத்தனை பேர் மூளையைக் கசக்கிச் செய்த காவலை ஒரு தீக்குச்சி பாழாக்கிவிடுகிறது.

பிளக் உடைந்துவிடும். புதிது வாங்கக் கடைக்குப் போகச் சோம்பல். வயரின் நுனியைச் சீவி, இரண்டு துளைகளில் திணித்து, தீக்குச்சியைச் செருகி இறுக்கிவிடுவது. இதில் எர்த் கிடையாது. இறுக்கமும் கிடையாது. வயர் தளர்ந்தால் பொறி பறக்கும். சூடு ஏறும். நழுவி விழுந்தால் மின்சாரம் உள்ள கம்பி தரையில் கிடக்கும்.

இதுதான் சிக்கனமா? பிளக்கின் விலை ஒரு வேளைச் சாப்பாட்டுச் செலவுகூட ஆகாது. உயிருக்கு விலை உண்டா?

இன்னும் சிலர், இரண்டு துளை உள்ள பெட்டியில் நுழையவில்லை என்று மூன்றாவது பின்னை உடைக்கிறார்கள். கிரைண்டர் ஓடும். மோட்டார் ஓடும். "பார், ஒன்றும் ஆகவில்லை" என்பார்கள். எர்த் பின் இல்லாவிட்டாலும் எந்திரம் ஓடத்தான் செய்யும். எந்திரத்தை ஓட்டுவது அதன் வேலை அல்ல. ஆளைக் காப்பதுதான் அதன் வேலை. பழுது ஏற்படும் அன்றுதான் அது இல்லாத குறை தெரியும். அன்று தெரிந்து என்ன பயன்?

கிரைண்டரில் மாவு ஆட்டுபவர் கை ஈரம். தரை ஈரம். மின்சாரத்துக்கு இதைவிட நல்ல வழி வேண்டுமா?

சார்ஜருக்கு இரண்டுதானே?

"செல்போன் சார்ஜருக்கு இரண்டு பின்தானே இருக்கிறது? அதற்கு மட்டும் எர்த் வேண்டாமா?" என்று ஒரு கேள்வி வரலாம். நியாயமான கேள்வி.

சார்ஜருக்குத் தொடக்கூடிய உலோக உடம்பு இல்லை. பிளாஸ்டிக் மூடி இருக்கிறது. உள்ளே காப்பும் இரட்டிப்பாக இருக்கிறது. அதனால் எர்த் தேவை இல்லை. இப்படிப்பட்ட கருவிகளில் ஒரு சதுரத்துக்குள் இன்னொரு சதுரம் போட்ட அடையாளம் இருக்கும்.

எந்தக் கருவிக்கு எத்தனை பின் வேண்டும் என்பதைச் செய்தவர் யோசித்தே வைத்திருக்கிறார். மூன்று வைத்திருந்தால் மூன்றும் வேண்டும்.

வெறும் பித்தளை ஆகலாமா?

பிளக்கில் மூன்று பின் இருந்தால் மட்டும் போதாது. சுவருக்குள் எர்த் கம்பி இருக்க வேண்டும். அது வீட்டுக்கு வெளியே பூமியில் புதைத்த குழாயிலோ தகட்டிலோ போய்ச் சேர வேண்டும். உப்பும் கரியும் போட்டுக் குழி மூடுவது பல இடங்களில் வழக்கம். எர்த் இல்லாத வீட்டில் மூன்றாவது பின் வெறும் பித்தளைதான்!

வீடு கட்டுகிறவர்கள் வாசல் கதவுக்குப் பார்த்துப் பார்த்துச் செலவு செய்கிறார்கள். எர்த் குழிக்குக் கணக்குப் பார்க்கிறார்கள். கதவு திருடனைத் தடுக்கும். எர்த் எமனைத் தடுக்கும்.

வாடகை வீடானாலும் எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீசியனை வைத்துச் சோதிப்பது நல்லது. 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி இப்போது கிடைக்கிறது. ஷட்டர் வைத்த பிளக் பாயிண்டும் கிடைக்கிறது. குழந்தை இருக்கும் வீட்டில் இவை ஆடம்பரம் அல்ல, அவசியம்.

ஹப்பல் 1927-இல் காலமானார். ஹாஸ்லெட் 1957-இல் காலமானார். அவர்களுக்குச் சிலை வைக்க வேண்டாம். மாலை போட வேண்டாம். மின்சாரம் தெரியாதவனும் உயிரோடு இருக்க வேண்டும் என்று அவர்கள் பாடுபட்டார்கள். அந்த மூன்றாவது பின்னை உடைக்காமல் விட்டால், அதுவே அவர்களுக்குச் செய்யும் மரியாதை!