பேரம் பேசத் தெரியாததாலயா நாங்கள் கூடக் காசு குடுக்கிறம்?

பழைய கார் ஒண்டு வாங்கப்போறன் எண்டு வாயைத் திறந்து பாருங்கோ. பக்கத்து வீட்டுக்காரர், மாமா, சித்தப்பா, யூடியூப் அண்ணாமார் எல்லாரும் ஒரே பாட்டைத்தான் பாடுவினம். “சொல்லுற விலையைக் குடுக்காதேங்கோ, அடிச்சுப் பேசுங்கோ.” “ஆசைப்படுறமாதிரிக் காட்டக்கூடாது.” “ரயரைக் காலால ஒரு உதை விட்டிட்டு, வேண்டாம் எண்டு திரும்பி நடவுங்கோ, பின்னால ஓடி வருவான்.” இவ்வளவையும் கேட்டிட்டுப் போயும் ஒருத்தர் கூட விலை குடுத்து வாங்கி வந்தால், “உனக்குப் பேரம் பேசத் தெரியேல்லை” எண்டு தீர்ப்பும் வந்துவிடும்.

இந்தத் தீர்ப்போடதான் எனக்குச் சண்டை. பேரம் ஒரு திறமை, அதைப் பழகினால் கையில காசு குறைஞ்சவரும் வெல்லலாம் எண்டது வடிவான பொய். திரும்பி நடக்கக்கூடியவர்தான் பேரத்தில் வெல்லுவார். வீட்டில் ஏற்கெனவே ஒரு வாகனம் நிற்கிறவர் நடக்கலாம், ஆறு மாதம் பொறுக்கக்கூடியவர் நடக்கலாம். 18 இலட்சத்தை எண்ணி எடுத்துக்கொண்டு, அடுத்த கிளினிக்குக்கு முன்னம் வாகனம் வேணும் எண்டு நிற்கிறவர் எங்கை நடக்கிறது?

எங்கட வீட்டுக் கதையையே சொல்லுறன். அப்பாவுக்குப் பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் இழுத்துப்போட்டுது. மாதம் ஒருமுறை யாழ்ப்பாணத்துக்குக் கிளினிக். நாங்கள் இருக்கிறது ஏ9 வீதியிலிருந்து நல்லாய் உள்ளுக்க. வான் பிடிச்சால் போய்வர 12,000 ரூபா. அப்பாவின்ர ஈ.பி.எப். காசு, அம்மாவின்ர சீட்டு, கொஞ்ச நகை. இதுதான் எங்கட பட்ஜெட்.

பார்க்கப் போனது ஒரு பழைய மாருதி 800. கேட்ட விலை 19 இலட்சத்து 50 ஆயிரம். விலையைக் கேட்டது அம்மா, காசு வைச்சிருந்தது அம்மா. புரோக்கர் பதில் சொன்னது ஏ.எல். படிக்கிற என்ர தம்பிக்கு. அவனுக்குக் காரைப் பற்றித் தெரிஞ்சதெல்லாம் ஃபோனில விளையாடுற கேம்தான். நான் பதிவுப் புத்தகத்தைக் கேட்டன். “தங்கச்சி, அதெல்லாம் கிளியர், பயப்பிடாதேங்கோ” எண்டு சிரிச்சார். புத்தகத்தில் மூன்று பேரின் பெயர் இருந்தது. ஆனால் கடைசிப் பெயர்க்காரர் அதை வித்து வருசக்கணக்கு. அதுக்குப் பிறகு எத்தினை கை மாறினது எண்டு எந்தப் பேப்பரிலும் இல்லை, எல்லாம் ஓப்பன் பேப்பரில் நடந்தது. வாங்குறவரின் பெயர் போடாமல் கையெழுத்து மட்டும் வைச்ச கைமாற்றப் படிவம்தான் இந்த நாட்டின் உண்மையான வாகனச் சந்தை. கடைசியாய் வாங்குற ஏமாளி நாரஹேன்பிட்டிக்கு அலையட்டும் எண்டு எல்லாரும் அடுத்தவரிட்டத் தள்ளிவிடுகினம்.

நாங்கள் கூட்டிக்கொண்டுபோன மெக்கானிக் அண்ணை கீழ படுத்துப் பார்த்திட்டு, அடிப்பக்கம் கறள் தின்றிருக்கு, கியர் பொக்ஸும் சத்தம் போடுது, ஒன்றரை இலட்சம் வேலை இருக்கு எண்டார். இதைவிட நல்ல பேர ஆயுதம் என்ன வேணும்? அம்மா ஒவ்வொண்டாய்ச் சொல்லிக் கேட்டா. குறைஞ்சது 25,000. “அம்மா, பின்னேரம் வேற ஆள் வருது. விருப்பம் எண்டால் எடுங்கோ.” அந்த வேற ஆள் உண்மையிலேயே இருந்தாரோ தெரியாது. இருந்திருக்கலாம் எண்டதுதான் அவற்ற பலம்.

அந்த வேற ஆளை உருவாக்கினது புரோக்கர் இல்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் வாகனங்களுக்கு மறுபடி கதவு திறந்தது 2025 பெப்ரவரியில். ஏறக்குறைய ஐந்து வருசம் நாட்டுக்குள் புதுக் கார் இல்லை. நடுவில் 2022இல் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர் 360ஐத் தாண்டிப் போனது. மற்ற நாடுகளில் கார் ஓட ஓட விலை குறையும். இங்கை நாலு வருசம் ஓடின காரை வாங்கின விலையைவிடக் கூட விலைக்கு வித்தார்கள். கதவு திறந்த பிறகும் வரிக்கு மேல வரி போட்டுத்தான் உள்ளுக்க விடுகினம். அப்போ எங்கட கறள் பிடிச்ச மாருதியின் விலையைத் தீர்மானிச்சது யார்? கொழும்பில் வர்த்தமானி அச்சடிக்கிற ஆக்கள். அவையோட அம்மா எப்பிடிப் பேரம் பேசுறது?

(எங்கட ஆக்களுக்கு வாகனம் சாகாது எண்டது வேற கதை. 90களின் பொருளாதாரத் தடைக்குள்ள யாழ்ப்பாணத்தில் ஒஸ்டினையும் மொறிஸையும் கொஞ்சப் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டின சனம் நாங்கள். அந்தக் கெட்டித்தனத்தை நாங்கள் பெருமையாய்க் கதைக்கிறம். அதை எங்கட தலையில் கட்டினது ஆர் எண்டு கேட்க மறந்துபோறம்.)

பொருளியல் படிக்கிற நண்பர்கள் இந்த இடத்தில் அகெர்லொவை இழுத்துவருவினம். 1970இல் ஜோர்ஜ் அகெர்லொவ் எழுதின கட்டுரை பழைய கார்ச் சந்தையைப் பற்றினது. பிறகு 2001இல் நோபல் பரிசு பெற்றவர். காரின் பழுது விக்கிறவருக்குத் தெரியும், வாங்குறவருக்குத் தெரியாது. அதனால் வாங்குறவர் பயந்து குறைச்சுக் கேட்பார், அந்த விலைக்கு நல்ல காரை ஒருத்தரும் விக்கமாட்டினம், கடைசியில் சந்தையில் மிஞ்சுறது பழுதுதான். நல்ல விளக்கம். ஆனால் எங்களுக்குப் பழுதும் தெரிஞ்சிருந்தது. மெக்கானிக் சொன்னதை நாங்கள் அப்பிடியே சொன்னம், புரோக்கரும் இல்லை எண்டு சொல்லேல்லை. தகவல் எல்லாம் கையில் இருந்தும் வேற வழி இல்லாதவருக்கு அந்தத் தகவலால் 25,000 ரூபாதான் கிடைச்சது.

பிறகு லீசிங். பேரம் பேசச் சொல்லித் தாற ஒருத்தரும் இந்தப் பக்கம் வாயே திறக்கிறதில்லை. உதாரணத்துக்கு, 10 இலட்சத்தை வருசம் 18 வீத வட்டியில் 4 வருசத்துக்கு எடுத்தால் மாதக்கட்டு 29,000 ரூபாவைத் தாண்டும். முடிவில் கட்டியிருக்கிறது 14 இலட்சத்துக்கும் மேல. வெயிலில நிண்டு புரோக்கரோட தொண்டை கிழியக் கத்தி 25,000 குறைச்ச அதே ஆள், ஏசி அறைக்குள்ள போய் 4 இலட்சம் வட்டிக்குச் சத்தமில்லாமல் கையெழுத்து வைக்கிறார். அங்கை “கடைசி விலை என்ன?” எண்டு கேட்கிற பழக்கம் எங்களுக்கு இல்லை. ரை கட்டினவரிட்டப் பேரம் பேசுறது மரியாதை இல்லையாம். அதோட கட்டி முடியுமட்டும் பதிவுப் புத்தகத்தில் முழு உரிமையாளர் எண்டு நிற்கிறது கொம்பனியின் பெயர். நாலு மாதம் கட்டாமல் விட்டுப் பாருங்கோ, வாகனம் ஆற்றை எண்டு விளங்கும்.

எங்கட பக்கத் தோழர்கள் சிலரோடயும் ஒரு கணக்கு இருக்கு. “கார் ஆடம்பரம், பொதுப் போக்குவரத்துக்காகத்தான் போராடவேணும்” எண்டு சொல்லுவினம். போராடுவம், நானும் வாறன். ஆனால் ஒரு பக்கம் இழுத்த மனுசனைக் காலமை பஸ்ஸில மிதிபலகையால ஏத்திப் பார்த்த ஒருத்தராவது இதைச் சொல்லட்டும். எங்கட ஊருக்குப் பின்னேரம் ஆறரைக்குப் பிறகு பஸ் இல்லை. ஆடம்பரத்தைப் பற்றிக் கதைக்கிறதெண்டால் பெர்மிட்டில இருந்து தொடங்குங்கோ. நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கும் மேல்மட்ட உத்தியோகத்தர்களுக்கும் வருசக்கணக்காய் வரிச்சலுகைப் பெர்மிட் குடுத்தார்கள். உறுப்பினர்கள் பலர் அந்தப் பெர்மிட்டையே வித்துக் காசாக்கினது ஊரறிஞ்ச கதை. வரி வேணும் எண்டு அரசு சொல்லுறது எனக்கு விளங்குது. அந்த வரியைக் கடைசியாய்க் கட்டுறது கறள் பிடிச்ச மாருதியை வாங்குற அம்மா எண்டதுதான் விளங்கேல்லை.

அதுக்காகப் பேரமே பேசாதேங்கோ எண்டு நான் சொல்லேல்லை. மெக்கானிக் ஒருத்தரைக் கூட்டிக்கொண்டு போங்கோ, அவர் புரோக்கருக்குத் தெரியாத ஆளாய் இருக்கட்டும். புத்தகத்தில் இருக்கிற பெயர்க்காரரைக் கண்ணால காணாமல் அட்வான்ஸ் குடுக்காதேங்கோ. லீசிங் முடிஞ்ச கடிதம் இல்லாமல் காசை எண்ணாதேங்கோ. மீற்றரை நம்பாதேங்கோ, அதைத் திருப்புறது அஞ்சு நிமிச வேலை. இவ்வளவையும் செய்தாலும் உங்களுக்கு மிஞ்சப்போறது கொஞ்சக் காசுதான். மிச்சம் முழுக்க வேற இடத்தில முடிவாகுது.

அம்மா அந்தக் காரை எடுக்கேல்லை. விலை பொருந்தாமல் இல்லை, அந்தக் கறளோட அப்பாவை ஏத்த அவவுக்கு மனம் வரேல்லை. இப்பவும் வான்தான். போன மாதத்திலிருந்து ஒரு நடை 13,500. குறைக்கச் சொல்லிக் கேட்டம். டீசல் விலையைச் சொன்னார்.