சில்லில் தொடங்கும் பிழை

தொம்மலூரில் பெய்யும் மழைநீர் சல்லகட்டா பள்ளத்தாக்கின் கால்வாய்கள் வழியே பெல்லந்தூர் ஏரியை நோக்கிச் செல்கிறது. அத்தகைய கால்வாய் ஒன்றின் பாலத்தடியில் நீர்மட்டத்தை அளந்து, கம்பியின்றிச் செய்தி அனுப்பும் உணரிப் பலகை ஒன்றை வடிவமைப்பதாகக் கொள்ளலாம். வடிவமைப்பாளர் கூடியதும் எழும் முதற்கேள்வி, எந்த மைக்ரோகண்ட்ரோலர் என்பதே. வேகம், நினைவகம், விலை என அவ்விவாதம் நாள்கணக்கில் நீளும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஓர் எண்ணை அனுப்பும் கருவிக்கு ஏறத்தாழ எந்தச் சில்லும் போதுமானது என்பதை எவரும் சொல்வதில்லை.

ஈஎஸ்பி32 சில்லு ஆழ்ந்த உறக்கத்தில் சுமார் 10 மைக்ரோ ஆம்பியரே உண்ணும் என்று பெருமையோடு எடுத்துக்காட்டுவர். அதன் அருகிலேயே, எஸ்.பி. ரோட்டில் எளிதாகக் கிடைக்கிறது என்பதற்காக, ஏஎம்எஸ்1117 ரெகுலேட்டரைப் பற்றவைப்பர். அது சும்மா இருப்பதற்கே சுமார் 5 மில்லி ஆம்பியர் கேட்கும். உறங்கும் சில்லைப்போல் 500 மடங்கு. நாளொன்றுக்கு 120 மில்லி ஆம்பியர்-மணி. 2,400 கொள்ளளவுள்ள மின்கலம், ஓர் அளவீடும் எடுக்காமலே 20 நாளில் தீர்ந்துவிடும். மேலும், அந்த ரெகுலேட்டர் தன்னளவில் 1 வோல்ட்டுக்கு மேல் விழுங்குவதால், முழுமையாக ஏற்றிய 4.2 வோல்ட் லித்தியம் மின்கலத்திலிருந்தும் ஒழுங்கான 3.3 வோல்ட் கிடைக்காது. மே மாதம் பொருத்திய கருவி செப்டம்பர் மழையில் வெள்ளம் ஏறும்போது ஊமையாகிக் கிடக்கும். சூரியத்தகடு வைத்தால் தீர்ந்தது என்பது வழக்கமான மறுமொழி. பாலத்தடியில் எந்தச் சூரியன்?

எம்சிபி1700 போன்ற ரெகுலேட்டருக்கு 2 மைக்ரோ ஆம்பியருக்கும் குறைவாகவே செலவாகும். ஆனால் அதன் உச்ச வழங்கல் 250 மில்லி ஆம்பியர். வைஃபை ஒலிபரப்பின் திடீர்த் தேவையைத் தாங்குவது கடினம். லோரா வானலைச் சில்லான எஸ்எக்ஸ்1276 முழுத்திறனில் கேட்பதோ சுமார் 120 மில்லி ஆம்பியர். ஆகவே வானலையை முடிவு செய்யாமல் ரெகுலேட்டரைத் தேர முடியாது. ரெகுலேட்டரைத் தேராமல் சில்லைப் பற்றிப் பேசுவதில் பொருளில்லை.

வானலையிலும் அலட்சியம் குறைவில்லை. இந்தியாவில் உரிமமின்றிப் பயன்படுத்த 2005இல் திறக்கப்பட்டது 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பட்டை. பின்னர் அது 868 வரை நீட்டிக்கப்பட்டது. மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்கப்படும் 915 தொகுதி அமெரிக்கப் பட்டைக்கானது. இங்கே 890 முதல் 915 வரை கைபேசிகள் கோபுரத்தோடு பேசும் இடம். ஐரோப்பியத் தொகுதியின் இயல்பு அலைவரிசைகளான 868.1, 868.3, 868.5 மூன்றுமே வரம்புக்குச் சற்று வெளியே நிற்பவை. அவற்றை மென்பொருளில் 865க்கு இறக்கிக்கொள்ளலாம். 915க்கென இசைவிக்கப்பட்ட வடிகட்டியையும் ஆன்டெனாவையும் அவ்வாறு இறக்க இயலாது.

ஈஎஸ்பி32க்கு நிரல்தொகுப்புகள் மிகுதி, வேலை விரைந்து முடியும் என்ற வாதம் உண்மையே. வடிவமைப்பாளரின் அலுவலகத்தில் மிச்சமாகும் அந்த ஒரு வாரத்துக்கு ஈடாக, 20 நாளுக்கு ஒருமுறை மின்கலத்தோடு சாக்கடையில் இறங்கப்போகும் தொழிலாளியின் கூலி எந்த உதிரிபாகப் பட்டியலிலும் இடம்பெறுவதில்லை.