வெயிலைத் தாங்கும் பாத்திரம்

புனித பிரான்சிஸ் அசிசியார் கதிரவனைச் சகோதரர் என்று அழைத்தார். சித்திரை மாதத்துச் சேலத்தில் ஒரு நண்பகல் தங்கியிருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ! நாம் குடையை விரித்துக்கொண்டு ஓடுகிறோம். ஆனால் ஆத்தூரிலும் இராசிபுரத்திலும் சேகோ ஆலைக் களங்களில் வெள்ளை வெளேரென்று ஜவ்வரிசி காய்வது இந்த வெயிலில்தான். காயவைப்பதற்கு மேல் இவ்வெயிலிடம் நாம் அதிகம் வேலை வாங்கவில்லை என்பது எங்கள் எண்ணம். கூரைகளில் மின்தகடுகள் வந்துவிட்டன, நல்லதே. அவை விழும் ஒளியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கையே மின்சாரமாக்கும். குழியாடியால் ஒளியைக் குவித்தால் பெரும்பகுதியை வெப்பமாகவே பெறலாம்.

விண்வெளியில் இதன் ஆற்றல் நன்கு விளங்கும். அங்கே ஒரு சதுர மீட்டரில் சுமார் 1,360 வாட் கதிரொளி விழுகிறது. முதுகுப்புறம் வெப்பம் போகாமல் மூடிய கறுப்புத் தகடு அதில் 120 டிகிரி செல்சியஸ் வரை சூடேறும். அதே ஒளியை ஆயிரம் மடங்கு குவித்தால் சுமார் 1,900 டிகிரி. ஆயிரம் மடங்கு ஒளிக்கு ஆயிரம் மடங்கு சூடு ஏன் வரவில்லை என்று கேட்கலாம். சூடு ஏற ஏறத் தகடு வெளியே வீசும் வெப்பமும் வெகு வேகமாகப் பெருகிவிடுகிறது.

இந்தச் சூட்டினுள் ஹைட்ரஜனைச் செலுத்தி, பின்புறம் பீறிட்டு வெளியேறச் செய்தால் விண்கலம் முன்னே செல்லும். கிராப்ட் எரிக்கே என்னும் பொறியியலார் 1956-லேயே இதைச் சொன்னார். நம் மகேந்திரகிரியில் சோதிக்கப்படும் கிரையோஜெனிக் எஞ்சின் ஹைட்ரஜனைப் பிராணவாயுவோடு எரிக்கிறது. இதிலோ எரிப்பதே இல்லை. ஆயினும் வாயு ஏறக்குறைய இரு மடங்கு வேகத்தில் வெளியேறும். உந்துவிசை மட்டும் மிகச் சிறியது. தரையிலிருந்து கிளம்ப உதவாது. சுற்றுப்பாதையை அடைந்தபின் நாள் கணக்கில் மெல்லத் தள்ளும்.

ஆடியைப் பற்றியே எல்லாரும் பேசுகிறார்கள். எங்களுக்கோ பாத்திரம்தான் பெரிதாகப் படுகிறது. அத்தனை சூட்டை எதில் ஏந்துவது? இரும்பு சுமார் 1,540 டிகிரியில் உருகிவிடும். டங்ஸ்டன் போன்ற உலோகங்கள் வேண்டும். சூட்டைத் தாங்கும் பொருள் நம் ஊருக்குப் புதிதன்று. சேலத்து வெள்ளைக்கல்லாகிய மாக்னசைட்டைச் சூளையில் சுட்டுக் கிடைக்கும் மக்னீசியா சுமார் 2,800 டிகிரி வரை உருகாது. உருக்காலை உலைகளின் உட்சுவர் அதனாலான செங்கல்லே. அந்தக் கல்லின் மேல் பிறந்து வளர்ந்த பெண் பொருளறிவியல் படித்தால் என்ன?

‘பெண் பிள்ளைக்கு ராக்கெட் எதற்கு?’ என்னும் பெற்றோர் இன்னும் உண்டு. 2023 செப்டம்பர் 2 அன்று கதிரவனை ஆராயப் புறப்பட்ட ஆதித்யா-எல்1 திட்டத்தின் இயக்குநர் நிகர் ஷாஜி, செங்கோட்டையில் அரசுப் பள்ளியில் படித்தவர். அவர்களுக்கு இதை மட்டும் சொல்லி வைக்கிறோம்.

ராக்கெட் வரும்போது வரட்டும். குவித்த வெயிலில் சமைப்பது இன்றே முடியும். ஆரோவில் சமையற்கூடத்தின் கூரையில் 15 மீட்டர் அகலக் கிண்ணம் ஒன்றை அமைத்தார்கள். கிண்ணம் அசையாது, வெப்பம் வாங்கும் குழாய்தான் கதிரவனோடு நகரும். அதில் உண்டாகும் நீராவியில் சோறு வெந்தது. இராஜஸ்தானத்து அபு ரோட்டில் 770 பெரிய குழியாடிகள் வார்ப்பிரும்பில் வெப்பத்தைச் சேமித்து இரவிலும் மின்சாரம் தருமாறு அமைக்கப்பட்டன.

எங்கள் விடுதிச் சமையலறையின் மேல் மொட்டை மாடி வெறுமையாகக் கிடக்கிறது. அங்கே ஒரு சிறு குழியாடி வைக்க மதர் அவர்களிடமும், அடுத்த பெற்றோர் கூட்டத்திலும் கேட்கவிருக்கிறோம். ஐப்பசி மழையில் பழைய அடுப்பே எரியட்டும். பங்குனி, சித்திரையில் பருப்பு மட்டுமாவது வெயிலில் வேகட்டும்.