எடை போடும் மாணவரும் பேசட்டும்



1979 ஆகஸ்ட் 10-இல் எஸ்.எல்.வி.-3 ராக்கெட் கடலில் விழுந்தபோது செய்தியாளர்களுக்குப் பதில் சொன்னவர் இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான். 1980 ஜூலை 18-இல் அதன் அடுத்த ஏவல் வென்றபோது திட்ட இயக்குநர் கலாமைப் பேசவிட்டார். அப்போது பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துக்கும் தவானே இயக்குநர். 

எங்கள் மத்திகிரியிலும் கோழியின உற்பத்திக் கல்லூரி உண்டு. தீவன ஆய்வென்றால் வாராவாரம் குஞ்சுகளை எடைபோடுவதும், மிஞ்சிய தீவனத்தை அளப்பதும் மாணவர் வேலை. ஆனால் பொதுவாக நம் பல்கலைக்கழகங்களில் முடிவைப் பேசுபவர் பேராசிரியர்தான். ஓசூர் ஆலைகளில் ஷிஃப்ட் தொடங்குமுன் இளம் சூப்பர்வைசர்கள் ஆட்களைக் கூட்டிப் பேசுகிறார்கள். அதுபோல ஆய்வு மாணவருக்கும் மாதம் ஒரு ஆய்வுக் கூட்டத்தையாவது நடத்தக் கொடுக்கலாம். வழிகாட்டிகளை மதிப்பிடும்போது கட்டுரை எண்ணிக்கையோடு, மாணவரைப் பேசவிடுகிறார்களா என்பதையும் துணைவேந்தர்கள் பார்க்கட்டுமே.

- ஒரு வாசகர், மத்திகிரி