பில்லை அரசே கட்டுது. அப்புறமும் குழந்தைக்குக் குழந்தை ஏன் இந்த வித்தியாசம்?

1/ அமெரிக்காவில் 1972-லேயே ஒரு சட்டம் வந்தது. கிட்னி முழுசா செயலிழந்தால், வயது பார்க்காமல் பெரும்பாலானோருக்கு மெடிகேர் காப்பீடு உண்டு. குழந்தைகளும் இதில் அடக்கம். டயாலிசிஸுக்கும் உண்டு, மாற்று அறுவை சிகிச்சைக்கும் உண்டு.

2/ அப்படின்னா எல்லாக் குழந்தைக்கும் ஒரே மாதிரி பலன் கிடைச்சிருக்கணும் இல்லையா? கிடைக்கல. கறுப்பினக் குழந்தைகளுக்கு மாற்றுக் கிட்னி தாமதமாகவே கிடைக்கிறது. பெண் குழந்தைகளுக்கு இறப்பு ஆபத்து ஆண் குழந்தைகளைவிட அதிகம். அந்த நாட்டுப் பதிவேடுகளே இதைச் சொல்கின்றன.

3/ "நோயே வேற வேற, அதான்" என்பார்கள். பாதி உண்மை. பையன்களுக்குப் பிறவியிலேயே சிறுநீர்ப் பாதையில் அடைப்பு அதிகம். கிட்னி மெதுவாகக் கெடும், திட்டமிட நேரம் இருக்கும். பெண் பிள்ளைகளுக்கு லூபஸ் மாதிரி நோய்கள் அதிகம், சில நேரம் மாதக்கணக்கில் கெட்டுவிடும். ஆனால் இதையெல்லாம் கழித்துப் பார்த்தாலும் இடைவெளி முழுசா மறையல.

4/ குழந்தைக்கு டயாலிசிஸ் தற்காலிக ஏற்பாடுதான். மெஷினில் வருஷங்கள் கூடக்கூட கதீட்டர் தொற்று, இதய பாதிப்பு, வளர்ச்சிக் குறைவு எல்லாம் கூடும். அதனால் "எவ்வளவு சீக்கிரம் மாற்றுக் கிட்னி?" என்பதுதான் உயிர்க் கேள்வி.

5/ இங்கதான் விஷயம் இருக்கு. அங்கே 18 வயதுக்குள் பதிவு செய்த நாளிலிருந்தே காத்திருப்புக் கணக்கு தொடங்கிவிடும். டயாலிசிஸ் ஆரம்பிக்கும் வரை பொறுக்கத் தேவையில்லை. ஆக, டாக்டர் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் அந்தக் குழந்தையின் வரிசையில் இருந்து போகுது.

6/ விதியை மாத்தினா பலன் வருமா? வரும். 2005-ல், 35 வயதுக்குட்பட்டவர் இறந்து தானமாக வரும் கிட்னியில் குழந்தைகளுக்கு முன்னுரிமை என்று கொண்டுவந்தார்கள். அந்த வகை கிட்னி கிடைப்பதில் இன இடைவெளி குறைந்தது.

7/ ஆனால் உயிரோடு இருப்பவர் தரும் கிட்னியில் இடைவெளி அப்படியே நிற்குது. கறுப்பினக் குடும்பங்களில் பிரஷரும் சர்க்கரையும் பல பெற்றோரைத் தானம் தர முடியாமல் செய்துவிடுகிறது. முடிந்தவர்களிலும் பலருக்கு லீவு போட்டால் சம்பளம் கிடையாது. காப்பீடு ஆஸ்பத்திரி பில்லைக் கட்டும், வீட்டு வாடகையைக் கட்டாது.

8/ என் கருத்து இரண்டே. கிட்னித் திறன் ஒரு அளவுக்குக் கீழே போனதும் எந்தக் குழந்தையாக இருந்தாலும் மாற்று மையத்துக்குத் தானாகப் பரிந்துரை போகணும். டாக்டரின் மனசுக்கோ, பெற்றோரின் பேச்சுத் திறமைக்கோ அதை விடக்கூடாது. தானம் தரும் பெற்றோருக்கு அந்த வாரங்களின் சம்பளம் கிடைக்கணும்.

9/ காப்பீடு கொடுத்தாச்சு, சமத்துவம் வந்தாச்சு என்று நினைப்பது தப்பு. வரிசையில் நிற்கும் உரிமை மட்டும் போதாது. வரிசை எங்கே இருக்குன்னு அந்தக் குழந்தையின் வீட்டுக்கு நேரத்தோடு சொல்ல ஆள் வேணும்.