தலைக்கவசமும் தாராளக் காற்றும்

மகாபாரதத்துக் குந்தி தேவிக்கு எத்தனையோ கஷ்டங்கள். ஆனால் ஒரு விஷயத்தில் அவள் பாக்கியசாலி. பிள்ளை பிறக்கும்போதே கவசத்தோடு பிறந்துவிட்டான். அளவெடுக்க வேண்டாம், வெட்ட வேண்டாம், ஒட்ட வேண்டாம். நமக்கு அப்படியா? பள்ளிக்கூடத்தில் மாறுவேடப் போட்டி என்று சீட்டு வந்ததோ இல்லையோ, வீடு பட்டறையாகி விடுகிறது!

சென்ற வருஷம் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். என் அக்கா பிள்ளைக்கு விண்வெளிச் சிப்பாய் வேஷம். வாடகைக்கு ஒரு தலைக்கவசம் கொண்டுவந்தோம். கழுத்துவரை மூடியது, கண்ணுக்கு மட்டும் ஒரு கறுப்புக் கண்ணாடி. "நாலே நிமிஷம்தான். எது வந்தாலும் மேடையில் கழற்றாதே" என்று உபதேசம் செய்து அனுப்பினவள் நான்தான். பாதி வசனத்தில் பையன் வாயடைத்து நின்றான். மறந்துவிட்டான் என்றே நினைத்தோம். கீழே வந்ததும் கவசத்தைத் தூக்கிப் பார்த்தால், தலை தொப்பலாக நனைந்திருக்கிறது, உதடு வெளுத்திருக்கிறது. "மூச்சு முட்டிச்சு சித்தி. நீதானே கழட்டாதேன்னு சொன்னே?" என்றான்.

அந்தக் கேள்விக்கு என்னிடம் இன்றுவரை பதில் இல்லை. அதனால்தான் இந்த வருஷம் வாடகைச் சரக்கு வேண்டாம், நாமே செய்துவிடுவது என்று தீர்மானித்தேன். நான் கற்றுக்கொண்டதை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன், சகோதரிகளே!

கவசத்துக்கு ஏற்ற சரக்கு 'ஈ.வி.ஏ. ஃபோம்' என்ற மெத்தென்ற தகடு. குழந்தைகள் விளையாடத் தரையில் விரிக்கிறோமே, அதே வஸ்துதான். மார்புக்கு 10 மி.மீ. கனம், கைகால்களுக்கு 6 மி.மீ., ஓர அலங்காரத்துக்கு 2 மி.மீ. போதும். சூடான காற்று வீசும் கருவியால் இதைச் சுட்டு வளைத்து, ஆறும்வரை பிடித்திருந்தால் அந்த வளைவு அப்படியே நிற்கும். ஒட்டுவதற்கு, செருப்புத் தைப்பவர்கள் உபயோகிக்கும் ரப்பர் பசை. இரண்டு பக்கமும் தடவி, கையில் ஒட்டாத பதம் வரும்வரை காத்திருந்து, பிறகு அழுத்த வேண்டும். அவசரப்பட்டால் ஒட்டாது, ஒட்டியபின் வருத்தப்பட்டால் பிரியாது! இந்தப் பசையின் நெடி உடம்புக்கு ஆகாது. மொட்டை மாடியிலோ, காற்றோட்டமான தாழ்வாரத்திலோ வேலையை வைத்துக்கொள்ளுங்கள். அடுப்பு, விளக்கு எதுவும் பக்கத்தில் கூடாது, குழந்தைகளும் கூடாது.

அளவெடுக்க ஒரு யுக்தி உண்டு. பையனுக்குப் பழைய பனியனைப் போட்டுவிட்டு, அதன்மேல் காகித டேப்பை வயிறும் மார்பும் மூடும்படி தளர்வாக ஒட்டுங்கள். பேனாவால் கோடு போட்டுக்கொண்டு, முதுகுப் பக்கம் மழுங்கிய கத்தரிக்கோலால் வெட்டிக் கழற்றினால், அதுதான் மாதிரி. ரவிக்கை தைக்கத் தெரிந்தவர்களுக்கு இது பெரிய வித்தையே இல்லை. ஆனால் முகத்தின்மேல் மட்டும் டேப் ஒட்டவே கூடாது. தலைக்கு நம் தையல் டேப் போதும்.

இங்கேதான் நான் ஏமாந்தேன். பையன் தலையின் சுற்றளவு 52 செ.மீ. தலையைச் சுற்றிலும் ஒன்றரை செ.மீ. இடைவெளி வேண்டுமென்று சுற்றளவில் 3 செ.மீ. கூட்டி வெட்டினேன். காதோடு நின்றுவிட்டது! ஒன்றரை செ.மீ. இடைவெளி வேண்டுமானால் சுற்றளவில் ஏறக்குறைய 9½ செ.மீ. கூட்ட வேண்டுமாம். கல்லூரியில் படித்த வட்டக் கணக்கு, சமயத்தில் கைகொடுக்கவில்லை. இரண்டாம் முறை 61½ செ.மீ. வைத்தேன், சரியாக உட்கார்ந்தது.

அந்த இடைவெளி முழுவதையும் பஞ்சால் அடைத்துவிடாதீர்கள். நெற்றி, பிடரி, இரண்டு பக்கம் என்று நாலு இடத்தில் மட்டும் சின்னச் சின்ன ஸ்பாஞ்சுத் துண்டுகள் வைத்தால் போதும். நடுவே உள்ள சந்துகள்தான் காற்றுக்கு வழி. மூச்சுக் காற்று சூடானது. மேலே போகப் பார்க்கும். ஆகவே தாடைக்குக் கீழே தாராளமாகத் திறப்பு, உச்சியில் அலங்காரத்துக்குப் பின்னே மறைவாக வரிசைத் துளைகள். சமையலறைப் புகைபோக்கியின் தத்துவம்தான்!

பழைய ஐரோப்பிய வீரர்களுக்கும் இது தெரிந்திருக்கிறது. பதினைந்தாம் நூற்றாண்டில் அவர்கள் அணிந்த முழு இரும்புக் கவசம் 20 முதல் 25 கிலோ இருக்கும். முகமூடியில் துளையிட்ட இடங்களுக்கு ஆங்கிலத்தில் 'மூச்சுகள்' என்றே பெயர். பல தலைக்கவசங்களில் வலப்பக்கம்தான் துளைகள் அதிகம். எதிரியின் அடி விழுவது இடப்பக்கத்தில். அங்கே இரும்பு பலமாக இருக்க வேண்டுமல்லவா? 1977-ல் வந்த 'ஸ்டார் வார்ஸ்' படத்து வெள்ளைச் சிப்பாய்களுக்கோ, தலைக்கவசத்துக்குள் பார்வையே சரியாக இல்லை. ஒருவர் கதவில் தலையை இடித்துக்கொள்வது படத்திலேயே பதிவாகிவிட்டது!

உச்சித் துளைகளுக்கு உள்ளே, கம்ப்யூட்டர் உதிரிபாகக் கடையில் கிடைக்கும் 40 மி.மீ. விசிறி ஒன்றைக் காற்றை வெளியே தள்ளும்படி வைத்தேன். 5 வோல்ட் விசிறி. 'பவர் பேங்க்' இடுப்புப் பையில். முடி சிக்காமலிருக்க ஒரு வலை. ஒத்திகையில் கொஞ்ச நேரம் சுழன்று, தானே நின்றுவிட்டது. சில பவர் பேங்குகள், இழுக்கும் மின்சாரம் மிகவும் குறைவாக இருந்தால் அணைந்துவிடுமாம். இன்னொரு விசிறியையும் சேர்த்தபின் ஓடியது. ஆனாலும் ஒன்றை மறக்காதீர்கள். விசிறி நின்றாலும் மூச்சு நிற்கக்கூடாது. விசிறியை அணைத்துவிட்டு, நீங்கள் பக்கத்திலேயே இருந்து, 10 நிமிஷம் போடச் சொல்லிப் பாருங்கள். முகம் சிவந்தால் துளைகள் போதவில்லை.

தோள், மார்பு, முதுகு இவற்றை எலாஸ்டிக் நாடாவாலும் வெல்க்ரோவாலும் இணையுங்கள். கைப் பகுதி தோள் பகுதியிலிருந்து தொங்கட்டும்; பாரம் தோளில் விழுந்தால் நடக்கச் சுலபம். முடிச்சு வேண்டவே வேண்டாம். உள்ளே பருத்திச் சட்டை. நீர் கலந்த வெள்ளைப் பசையை இரண்டு மூன்று பூச்சு கொடுத்துக் காயவிட்டுப் பிறகு வர்ணம் அடித்தால், வெடிக்காது. எல்லாம் முடிந்ததும் மாடிப்படி ஏறச் சொல்லுங்கள். கீழே விழுந்த காசை எடுக்கச் சொல்லுங்கள். கடைசியாக, யார் உதவியுமின்றி ஒரே இழுப்பில் தலைக்கவசத்தைக் கழற்றச் சொல்லுங்கள். இந்தப் பரீட்சையில் தேறாத கவசம் எத்தனை அழகாக இருந்தாலும் பரணுக்குத்தான்.

போட்டியன்று என் உபதேசமும் மாறியது. "முடியலேன்னா உடனே கழட்டிடு, கண்ணா. மார்க் போனால் போகட்டும்" என்றேன். பாதி வசனம் வரை கவசத்தோடு பேசினான். பிறகு ஒரே இழுப்பில் கழற்றி, அக்குளில் இடுக்கிக்கொண்டு, மீதியைக் கணீரென்று முடித்தான்.

பரிசு கிடைத்ததா என்கிறீர்களா? இல்லை. "மூச்சு முட்டிச்சாடா?" என்று பதறிப்போய்க் கேட்டேன். "இல்லை சித்தி, அம்மா என் மூஞ்சியைப் பார்க்கணுமில்லே?" என்றான்.

யோசித்துப் பாருங்கள். கவசத்தோடு பிறந்ததற்காகவா கர்ணனை இன்றும் கொண்டாடுகிறோம்? அதைக் கழற்றிக் கொடுத்ததற்காகத்தானே!